முன்சக்கரத்தின் உதறல்

வேகம் நாற்பது மைலிலிருந்து இறங்கும்போது ஹேண்டில் உதறியது. லேசான நடுக்கம் இல்லை. ஈரத் துணியை யாரோ எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டு படபடவென்று உதறுவதுபோல இருந்தது. ஆர்டிஸ் பதறவில்லை. குதிரை வண்டியில் போகும் ஆமிஷ் பண்ணைக்காரர்கள் முட்டை விற்பதாக எழுதி வைத்த பலகைக்குப் பக்கத்தில் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, கையுறைகளைக் கழற்றினாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தாள்.

மூட்டுகள் புடைத்த கிழட்டுக் கைகள்தான். ஆனால் ஆடவில்லை.

"ஹேண்டில் ஆடுது ஆர்டி, நான் ஆடல."

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு கோடை முழுக்க அவள் கணவன் டுவேன் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். காலையில் சொன்னான், இரவுச் சாப்பாட்டில் சொன்னான், தேவாலயத்தின் அடித்தள அறையில் அப்பமும் காபியும் வைத்திருந்த மேசையில் நண்பர்களிடம் சொன்னான். யாரும் நம்பவில்லை. இப்போது அவன் லுத்தரன் தேவாலயத்துக் கல்லறையில், அவளுடைய பெயரும் பிறந்த ஆண்டும் வெட்டி வைத்த கல்லின் இடது பாதியில் கிடக்கிறான்.

சாலையில் வண்டி எதுவும் வரவில்லை. உழுத வயல்களில் இன்னும் சோளம் விதைக்கவில்லை. ஆர்டிஸ் மூன்று சக்கரங்களையும் சுற்றி நடந்து பார்த்தாள். அகலமான பின்சக்கரங்கள் இரண்டு, முன்னால் ஒன்று. டிரைக் என்று எல்லோரும் சொல்லும் இந்த வண்டி முதலில் சாதாரண பெரிய பைக்காகத்தான் இருந்தது. டுவேனின் முழங்கால்கள் விட்டுக்கொடுத்த பிறகு அவன் நண்பன் கேலன் தன் ஷெட்டில் வைத்து அதற்கு மூன்றாவது சக்கரம் போட்டுக் கொடுத்தான். அப்படி மாற்றிய பிறகு டுவேன் ஓட்டியது ஒரே ஒரு கோடை. அதோடு வண்டி களஞ்சியத்தில் போர்வைக்கடியில் போனது, நான்கு வருடம்.

வெளியே எடுக்கக் காரணம் டுவேன் இருந்த பைக் கிளப்தான். பனி உருகி சாலை காய்ந்ததும் மே மாதத்தில் முதல் சவாரி போவார்கள். தேவாலயத்து வாசலில் போதகர் வண்டிகளுக்கு ஆசி சொல்வார், இறந்துபோன உறுப்பினர்களின் பெயர்களைச் சொல்லி மணி அடிப்பார்கள். குடும்பத்துக்கு மனம் வரும் ஆண்டில், இறந்தவனுடைய வண்டி வரிசையின் தலையில் போகும். இந்த ஆண்டு டுவேனுடைய வண்டி போகட்டும் என்று ஆர்டிஸ் சொல்லிவிட்டாள். கேலன் ஓட்டுகிறேன் என்றான். வேண்டாம், நானே ஓட்டுகிறேன் என்றாள். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்தில் அவளும் தனி பைக் வைத்திருந்தவள்தான்.

வீட்டுக்கு மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்ததும் கேலனுக்குப் போன் போட்டாள்.

"டிரைக் ஆடுது."

"நாலு வருஷம் நின்ன வண்டி, ஆடாம பாடவா செய்யும்?" என்று சிரித்தான். "வரேன் இரு. நீ தொடாத."

அவள் சிரிக்கவில்லை. ஒரே கேள்விதான் அவளுக்கு இருந்தது. இந்த ஆட்டம் நான்கு வருடம் நின்றதால் வந்ததா, இல்லை, டுவேன் ஓட்டும்போதே இருந்ததா?

*

சாவி வாங்குவது என்று அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. எங்கும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஒரு கிழவன் இரண்டு முறை வண்டியைக் கீழே போட்டாலோ, திருப்பத்தில் கோட்டைத் தாண்டிப் போனாலோ, மூன்று நான்கு நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வீட்டுக்குப் போவார்கள். யாராவது ஒருவன் கையில் காபி கேக் இருக்கும். மழை, சோளம், பேரப்பிள்ளைகள் எல்லாம் பேசி முடித்த பிறகு சாவிப் பேச்சு வரும். அன்போடுதான் செய்வார்கள். டுவேனே இரண்டு பேர் வீட்டுக்கு அப்படிப் போயிருக்கிறான். போய்வந்த அன்றெல்லாம் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

அதனால் அந்த ஆகஸ்ட் மாதம் கேலன் கையில் கேக்கைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"யாராவது செத்துட்டாங்களா, இல்ல சாவிக்கு வந்திருக்கீங்களா?"

"உள்ள வர விடுடா மொதல்ல," என்றான் கேலன். பின்னால் கிளப் நண்பன் வெர்னும் இன்னும் இரண்டு பேரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஆர்டிஸ் காபி ஊற்றினாள். டுவேன் கோப்பையைத் தூக்கியபோது அது தட்டில் பட்டுக் கிணுகிணுவென்று ஒலித்தது. நான்கு பேரும் கோப்பையையே பார்த்தார்கள். அந்த வருடம் தொடங்கிய நடுக்கம் அது. எதையாவது தூக்கும்போது மட்டும் வரும், வயதானால் பலருக்கும் வருவதுதான் என்று டாக்டர் சொல்லி ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லவில்லை.

"போன வாரம் உன் பின்னாடி வந்தேன் டுவேன்," என்றான் கேலன். "ஆத்துப் பாலத்துக்கிட்ட வேகத்தக் கொறச்ச பாரு, அங்க ஹேண்டில் எப்படி ஆடுச்சு தெரியுமா? உன் தோள்வரைக்கும் ஆடுச்சு."

"அதத்தானே நானும் சொல்றேன். ஹேண்டில் ஆடுது. டேய், ஒரு தடவ அந்தக் கோன்செட்ட பாத்துடு. பாத்துட்டு சாவிய எடுத்துக்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கோன்செட் என்பது, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் வண்டியின் கழுத்தில் திரும்புகிற இடத்தில் இருக்கும் பேரிங்.

"காபி கப்பும் கோன்செட்டுலதான் ஓடுதா டுவேன்?"

வெர்ன் பக்கென்று சிரித்துவிட்டான். மற்ற இருவரும் சிரித்தார்கள். டுவேனும் ஒரு நிமிடம் கழித்துச் சிரித்தான். கையில் காபிக் கூஜாவோடு ஆர்டிஸும் சிரித்தாள்.

சாவியை அவனே மேசைமேல் வைத்தான். கேலன் அதை எடுத்து ஆர்டிஸிடம் கொடுத்தான். அவள் பொத்தான் டப்பாவில் போட்டு வைத்தாள். அதை எங்கே வைத்தாய் என்று டுவேன் சாகும்வரை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பமும் காபியும் சாப்பிடப் போவதை நிறுத்தினான். விருந்தில் வான்கோழியை அறுத்துப் பரிமாறுகிற வேலையை மருமகனுக்கு விட்டான். பேத்தியைத் தூக்கச் சொன்னபோது, "வேணாம், என் கைய நம்பாதீங்க," என்றான். ஆனால் பழைய பிக்கப் டிரக்கைக் கடைசிவரை அவன்தான் ஓட்டினான். தீவனக் கடைக்கும் டாக்டரிடமும் பனியில்கூட அவன்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். அந்த ஸ்டீயரிங் ஒரு நாளும் ஆடியதில்லை. அதைப் பார்த்தும் அவளுக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அவனாகவே சொன்னான்.

"வண்டி இல்ல ஆர்டி. என் கைதான். நான்தான் ஒத்துக்காம இருந்திருக்கேன்."

அவள் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தாள். அந்த மார்ச்சில் இதயம் நின்று போனான்.

*

ஆர்டிஸ் போனில் கூப்பிட்டபடி வந்த கேலன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பிக்கப்பிலிருந்து இறங்கினான். கருவிப் பெட்டியை அவளே தூக்கி உள்ளே வைத்தாள்.

"ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும்," என்றான். எல்லோரிடமும் எப்போதும் சொல்வதுதான். "நாலையும் ஒண்ணா மாத்துனா எது கோளாறுன்னு தெரியாது. மொதல்ல காத்து."

மூன்று டயரிலும் காற்று குறைந்திருந்தது. பின்சக்கரங்கள் இரண்டிலும் வேறு வேறு அளவு. இரண்டும் சமமாக இல்லாவிட்டால் டிரைக் ஒரு பக்கம் இழுக்கும். கேலன் நிரப்பினான், அளந்தான், மறுபடி அளந்தான். ஆர்டிஸ் பாலம்வரை ஓட்டிக்கொண்டு போனாள், அவன் பிக்கப்பில் பின்னால் வந்தான். இழுப்பு போயிருந்தது. ஆட்டம் போகவில்லை.

"அப்போ டயர். கண்டிப்பா டயர்தான். ஒரே எடத்துல நின்னா சப்பையாப் போயிடும்."

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினான். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஒரு பென்சிலை டயருக்கு நெருக்கமாக ஆடாமல் பிடித்தான். சக்கரம் சுற்றச் சுற்ற, ஒரு இடத்தில் மட்டும் டயருக்கும் பென்சிலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"பாத்தியா? நின்ன எடம்!" அவன் குரலில் ஒரு சந்தோஷம். "சொன்னேன்ல?"

சக்கரத்தைக் கழற்றி மரப்பலகைமேல் கிடத்தினான். புது டயர் கடையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். அவன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஆர்டிஸ் குனிந்து, பழைய டயரின்மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். சப்பையான இடம் தெரிந்தது. அதைத் தாண்டியும் கை வழுக்கிப் போகவில்லை. ஒரு பள்ளம், ஒரு மேடு, மறுபடி ஒரு பள்ளம். கரண்டியால் வரிசையாகத் தோண்டி எடுத்ததுபோல டயர் முழுக்க, சுற்றி வந்து ஆரம்பித்த இடம்வரை இருந்தது.

கிளப்பில் குளிர்காலம்தோறும் தேவாலயத்து அடித்தள அறையில் ஒரு மாலை வண்டிப் பராமரிப்பு வகுப்பு நடக்கும். நடத்துவது கேலன்தான். தேய்ந்த டயர்களைக் கொண்டுவந்து கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்வான். ஆர்டிஸ் டுவேன் பக்கத்தில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டே அதை எத்தனையோ குளிர்காலம் கேட்டிருக்கிறாள். நின்ன டயர் ஒரு எடத்துலதான் சப்பையாகும். ஆடுற வண்டியோட டயர் சுத்திலும் தன்னத் தானே தின்னும்.

"இது நின்னு வந்ததில்ல கேலன்."

"எது?"

"இந்தப் பள்ளமெல்லாம். ஓடி வந்தது."

அவன் வந்து பார்த்தான். தொடவில்லை.

"ரெண்டும் இருக்கும் ஆர்டிஸ். பழைய டயர்தானே."

"எது பழசு? மூணு சக்கரம் போட்டப்ப நீதானே புது டயர் மாட்டுன? அப்புறம் அவன் ஓட்டுனது அந்த ஒரு கோடைதான்."

கேலன் மூக்கைச் சொறிந்துகொண்டான். கிளம்பும்போது பழைய டயரைத் தூக்கித் தன் பிக்கப்பில் போடப் போனான்.

"அத வச்சிட்டுப் போ."

"குப்பைதானே. நான் கொண்டுபோய்ப் போட்டுடறேன்."

"என் வீட்டுக் குப்பைய நான் போட்டுக்கறேன்."

*

புது டயர் வந்தது. பாலன்ஸ் பார்த்து மாட்டினான். ஆர்டிஸ் மறுபடி பாலம்வரை போனாள். ஆட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் இருந்தது. பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் வளர்ந்தது, இறுக்கினால் அடங்கியது.

"அவ்வளவுதான்," என்றான் கேலன், பிக்கப் ஜன்னல் வழியாக. "டிரைக்னா கொஞ்சம் தலையாட்டத்தான் செய்யும். இறுக்கிப் புடிச்சா தெரியவே தெரியாது."

"டுவேனும் இறுக்கித்தான் புடிச்சான். அதான் தோள்வரைக்கும் ஆடிச்சு."

அவன் பிக்கப் ஜன்னலை ஏற்றப் போனான்.

"கோன்செட்ட பாரு கேலன்."

"மூடியெல்லாம் கழட்டணும். ஹேண்டில எறக்கணும். அர நாள் வேல அது."

"எனக்கென்ன, பசு மாடா கறக்கணும்? உக்காந்துருக்கேன்."

"சவாரி முடியட்டும், அப்புறம் நிதானமா..."

"சரி. கழட்ட வேணாம். தூக்கி மட்டும் நிறுத்து."

அவளுக்கு என்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. அதையும் அவன்தான் அந்த அடித்தள அறையில் சொல்லிக் கொடுத்திருந்தான். களஞ்சியத்துக்குள் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தினான். ஆர்டிஸ் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, வண்டிக்கு எதிரே உட்கார்ந்து, ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் அடியில் பிடித்தாள். தன் பக்கம் இழுத்தாள்.

டொக்.

தள்ளினாள். டொக். மறுபடி இழுத்தாள். கதவின் கீல் கழன்றதுபோல அந்தக் கழுத்துக்குள் இரும்பு இரும்பைத் தட்டியது. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் அவள் மணிக்கட்டுக்கு வந்தது.

கேலன் கையில் ஒரு ஸ்பேனரை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"கோன்செட் நட்டு தானா எளகுமா கேலன்? நிக்கறப்ப?"

"கிரீஸ் காயும். துரு..."

"நான் துருவக் கேக்கல. எளகுமான்னு கேட்டேன்."

வெளியே களஞ்சியக் கூரையில் புறாக்கள் நடக்கும் சத்தம் கேட்டது. அவன் கருவிப் பெட்டியின்மேல் உட்கார்ந்தான்.

"எளகாது," என்றான்.

பிறகு அவனாகவே பேசினான். இரண்டு சக்கர வண்டி திருப்பத்தில் சாயும், டிரைக் சாயாது. அந்தப் பளுவெல்லாம் கழுத்துக்குத்தான் வரும். அதனால் புது பேரிங் போட்டு ரொம்ப இறுக்கி வைப்பான். ஆனால் புதுசு என்பதால் கொஞ்ச தூரம் ஓடினதும் அது தன் இடத்தில் அமுங்கி உட்காரும், நட்டு தொளதொளத்துவிடும். ஒரு மாதம் ஓட்டிவிட்டு வா, மறுபடி இறுக்கித் தரேன் என்று எல்லோரிடமும் சொல்லித்தான் அனுப்புவான்.

"டுவேன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"அவன் வந்தானா?"

"ஜூலையில வந்தான்."

"வந்தப்ப நீ என்ன பண்ண?"

கேலன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"காபி குடுத்தேன்."

"ம்."

"கப்பத் தூக்குனான். கை ஆடுச்சு. எனக்கு திக்குனு ஆயிடுச்சு ஆர்டிஸ். நாப்பது வருஷம் ஒண்ணா ஓட்டியிருக்கோம். அய்யோ, இவனுக்கு இப்படி ஆயிடுச்சேன்னு அதுதான் மண்டைக்குள்ள ஓடுச்சு. அவன் ஹேண்டில் ஆடுதுங்கறான், நான் அவன் கையப் பாத்துட்டிருக்கேன். வண்டி வாசல்லயே நின்னுச்சு. நான் ஷெட்டுக்குள்ள எடுக்கவே இல்ல."

அவள் ஃபோர்க்கை இன்னொரு முறை இழுத்தாள். டொக்.

"போதும் ஆர்டிஸ்."

மூடிகளைக் கழற்றி, ஹேண்டிலை இறக்கி வைக்க அரை நாள் ஆகத்தான் செய்தது. நட்டை இறுக்க ஒரு காபி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. கால் திருப்புகூட இல்லை. ஆர்டிஸ் பக்கத்தில் நின்று பார்த்தாள். இவ்வளவுதானா என்ற கேள்வி வாய்வரை வந்தது, கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவோம் என்று தெரிந்தது, இவன் முன்னால் அழ அவளுக்கு விருப்பமில்லை.

சாயங்காலம் பாலம்வரை போனாள். நாற்பதிலிருந்து வேகம் இறங்கும்போது ஒரு கையை எடுத்தாள். பிறகு இரண்டாவது கையையும் எடுத்தாள். ஹேண்டில் ஆணி அடித்தாற்போல் நின்றது.

திரும்பி வந்தபோது கேலன் களஞ்சிய வாசலில் காத்திருந்தான். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

"எனக்கு உன் மன்னிப்பு வேணாம்," என்றாள் ஆர்டிஸ், ஹெல்மெட்டைக் கழற்றாமலே. "அன்னைக்கி நானும்தான் சிரிச்சேன். ஒண்ணே ஒண்ணு பண்ணு. பேர் சொல்லி மணி அடிக்கறப்ப, எல்லார் முன்னாடியும் சொல்லு. டுவேன் கை சரியாத்தான் இருந்துச்சு, வண்டிதான் ஆடுச்சுன்னு. அவ்வளவுதான். யாரு இறுக்காம விட்டாங்கன்னுகூட சொல்ல வேணாம்."

"இப்ப எதுக்கு ஆர்டிஸ்? அவன் போய்ட்டான்."

"தன் கைய நம்பாமப் போயிட்டான். பேத்தியத் தூக்காமப் போயிட்டான்."

கேலன் தொப்பியை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டான். கிளப்பில் இருக்கும் டிரைக்குகளில் பாதி அவன் ஷெட்டில் சக்கரம் போட்டவை. அவன் எதை நினைக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"சொல்றேன்," என்றான்.

"சத்தியமா?"

"சொல்றேன்னு சொல்லிட்டேன்ல."

*

சவாரி நாளன்று வெயில் நன்றாக அடித்தது. தேவாலயத்து வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன, துடைத்துத் துடைத்து வைத்த பளபளப்பில் கண் கூசியது. போதகர் ஆசி சொன்னார். வெர்ன் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். கேலன் சவாரிகளை நடத்தும் சாலைத் தலைவன் என்பதால் பெயர்களைச் சொல்வது அவன் வேலை. ஒரு பெயர், இரண்டு நல்ல வார்த்தை, ஒரு மணி.

"டுவேன் டோர்ன்பெர்க்," என்றான்.

ஆர்டிஸ் கையுறைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கேலன் ஒரு முறை அவளைப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான். எதிரே அவன் செய்துகொடுத்த டிரைக்குகளின்மேல் அவன் நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்ல ஓட்டுநர்," என்றான். "எப்ப நிறுத்தணும்னு தெரிஞ்ச மனுஷன். யாரும் புடுங்கல, சாவிய அவனாவே மேச மேல வச்சான். அந்த தைரியம் நம்ம எல்லாருக்கும் வரணும்."

சிலர் தலையாட்டினார்கள். யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். வெர்ன் மணி அடித்தான்.

தேவாலயத்து வாசலில் அவள் குரல் உயர்த்தியதே கிடையாது. வாய் திறந்தது, அதற்குள் அடுத்த பெயர் வந்துவிட்டது. கேலனின் மனைவி டெலோரிஸ் வந்து அவளை அணைத்து, "எவ்வளவு அழகாச் சொன்னான் பாரு," என்றாள். ஆர்டிஸ் டிரைக்கில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

வரிசையின் தலையில் அவள். அவளுக்கு நேர் பின்னால் கேலன். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை. முன்னால் போகிறவர் கை காட்டினால் பின்னால் வருகிறவர் அதையே காட்டுவார், அவருக்குப் பின்னால் வருகிறவரும் காட்டுவார். சாலையில் ஜல்லி கிடந்தால் கையைக் கீழே நீட்டிக் காட்டுவார்கள், வேகம் குறைக்க உள்ளங்கையைத் தாழ்த்துவார்கள். அந்த சைகை வரிசையின் கடைசிவரை போய்ச் சேரும். யோசித்துச் செய்வதில்லை, பழகிப் போனது.

ஆற்றோரத்துச் சாலை தானியக் கிடங்கைத் தாண்டியதும் நேராக நீண்டு பாலத்துக்குப் போகும். அங்கேதான் ஆர்டிஸ் வேகத்தைக் குறைத்தாள். குறைத்துக்கொண்டே இரண்டு கைகளையும் ஹேண்டிலிலிருந்து எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினாள். விரல்களை விரித்துப் பிடித்தாள்.

அப்படி ஒரு சைகை கிடையாது. அதன் அர்த்தம் அந்த வரிசையில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும்.

வண்டி அப்படியே நேராகப் போனது. நாற்பது, முப்பத்தைந்து, முப்பது. முன்சக்கரம் இம்மி அசையவில்லை. அவள் கண்ணாடியில் பார்த்தாள். கேலனின் இரண்டு கைகளும் ஹேண்டிலில் இருந்தன. அவன் அந்த சைகையைப் பின்னால் அனுப்பவில்லை.

ஆனால் வெர்ன் பார்த்துவிட்டான். பாங் பாங் என்று ஹார்ன் அடித்தான். அவனுக்குப் பின்னால் யாரோ ஊளையிட்டார்கள். சிலர் ஒரு கையைத் தூக்கினார்கள், சிலர் கையை ஆட்டினார்கள். வரிசை முழுக்க கைகள் பறந்தன.

சாப்பிட நிறுத்திய இடத்தில், பன்றியிறைச்சி ரொட்டியோடு வெர்ன் அவளிடம் வந்தான்.

"அது என்ன சிக்னல் ஆர்டிஸ்? எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சிடுச்சு."

"கேலனக் கேளு. அவனுக்குத் தெரியும்."

கேலன் காபியை ஊதிக்கொண்டிருந்தான்.

"டுவேனுக்கு மரியாத," என்றான், கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அதான் நெனச்சேன்," என்றான் வெர்ன்.

நடந்ததை அவள் சொல்லிப் பார்த்தாள். அன்றே வெர்னிடம் சொன்னாள், பிறகு டெலோரிஸிடம் சொன்னாள், டயரைக்கூடக் காட்டுகிறேன் வா என்றாள். வெர்ன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்ல அவ போனப்ப நானும் இப்படித்தான், டாக்டரு மேல, மாத்திர மேல எல்லாம் கோவப்பட்டேன்," என்றான். அவன் குரல் ரொம்பக் கனிவாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் கேலன் தான் சக்கரம் போட்ட டிரைக்குகளை ஒவ்வொன்றாகத் தன் ஷெட்டுக்கு வரவழைத்தான். சும்மா ஒரு சின்ன சோதனை, நண்பர்களுக்கு இலவசம் என்று சொன்னானாம். நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த மே மாதம் வேறொருவனின் வண்டி வரிசையின் தலையில் போனது. ஆர்டிஸ் நடுவில் எங்கோ டுவேனின் டிரைக்கில் போனாள். தானியக் கிடங்கைத் தாண்டியதும் முன்னால் போகிறவன் வேகத்தைக் குறைத்து இரண்டு கைகளையும் தூக்கினான். அவனுக்குப் பின்னால் கேலன் தூக்கினான். ஒருவர் பின் ஒருவராக அந்தச் சைகை வந்தது. எல்லா டிரைக்குகளும் நேராகப் போயின, ஒன்றும் ஆடவில்லை. கிளப்பில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் பக்கத்துத் தடத்திலிருந்து அவளைப் பார்த்துக் கத்தினான்.

"கையத் தூக்குங்கம்மா! இந்த எடத்துல தூக்கணும், எப்ப நிறுத்தணும்னு தெரிஞ்ச டுவேன்னு ஒருத்தருக்காக!"

ஆர்டிஸ் ஹேண்டிலை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடந்தாள்.